ஒரே ராஜா தலை, ஆனால் இதற்கு மட்டும் ஏன் பாதி விலை?

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் பழைய வெள்ளிக் காசு வாங்கும் எங்கள் செவ்வாய்ப்பேட்டைக் கடைக்கு ஒரு அம்மா சுருக்குப்பையில் ஏழு பழைய ரூபாய்க் காசு கொண்டு வந்தார். ஏழிலும் பிரிட்டிஷ் ராஜா ஆறாம் ஜார்ஜ் தலைதான், அளவும் ஒன்று, தராசில் வைத்தால் எடையும் ஏறக்குறைய ஒன்று. இரண்டு காசுக்கு ஒரு விலையும் மீதி ஐந்துக்குக் கிட்டத்தட்ட பாதி விலையும் சொன்னோம். அவருக்கு முகம் மாறிவிட்டது, "எல்லாம் எங்க மாமியார் ஒரே பானையில போட்டு வச்சதுதான்" என்றார். கோபப்பட்டதில் தப்பே இல்லை. இதே கேள்வியைப் பலரும் கேட்பதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

விஷயம் காசில் போட்டிருக்கும் வருஷத்தில் இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்திலிருந்து 1939 வரை அடித்த வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, தங்கத்தில் 916 என்கிறோமே, அதே கணக்கு. ஒரு காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம் நிற்கும். இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1940-லிருந்து கலவையை மாற்றிவிட்டார்கள்: வெள்ளி பாதி, செம்பு 40 பங்கு, மீதி நிக்கலும் துத்தநாகமும். எடையையும் அளவையும் தொடவில்லை. 1945 வரை இந்தக் கதைதான், அதனால் அந்தக் காசில் வெள்ளி 5.83 கிராம்தான். அந்த அம்மா கொண்டு வந்ததில் இரண்டு 1938, ஐந்து 1940-க்குப் பிறகு வந்தவை. 1947 புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல், காந்தம் வைத்தால் ஒட்டும்.

சரி, வருஷத்தை நம்பலாம், காசை எப்படி நம்புவது? காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை, அவ்வளவுதான். ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தமில்லை, செம்பிலும் பித்தளையிலும், பேரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வரிலும்கூடத்தான் ஒட்டாது. தரையில் தட்டி ஓசை பார்ப்பது பழகிய காதுக்குச் சரி, ஆனால் டாலராகக் கோக்கக் காது பற்றவைத்த காசு நல்ல வெள்ளியாக இருந்தாலும் சத்தம் செத்துத்தான் கேட்கும்.

வீட்டில் செய்யக்கூடியதில் எங்களுக்குப் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். முதலில் காசை அப்படியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து சைபர் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள், நூலைக் கையில்தான் பிடித்திருக்க வேண்டும். காசில் குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 1939 வரை அடித்த 11.66 கிராம் ரூபாய் என்றால் தண்ணீரில் 1.13 காட்டும், வகுத்தால் 10.3. போர்க்காலக் காசு 1.22, வகுத்தால் ஏறக்குறைய 9.5. ஒன்பதுக்கும் கீழே போனால் செம்போ ஜெர்மன் சில்வரோதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து 11.4 கிராமுக்கு வந்துவிட்ட விக்டோரியா காசிலும் இது மாறாது, எடை குறையும், அடர்த்தி குறையாது.

நாங்களும் ஏமாந்தவர்கள்தான். பல வருஷத்துக்கு முன்னால் மொத்தமாக வந்த காசை உரைகல்லில் மேலாக ஒரு கோடு இழுத்து, திருப்தியாக வாங்கிப் போட்டோம். உருக்கும்போது உள்ளே சிவப்பாகச் செம்பு தெரிந்தது, மேலே தடிமனான வெள்ளி முலாம். டச், அதாவது வெள்ளியின் சுத்தம், பார்க்கும் மெஷினும் மேல்தோலைத்தான் படிக்கும், அதனால் அன்றிலிருந்து தண்ணீரில் தொங்கவிடாமல் எந்தக் காசையும் வாங்குவதில்லை. சந்தேகம் தீராவிட்டால், நீங்கள் சரி என்றால் மட்டும், விளிம்பில் கொஞ்சம் ஆழமாக உரசி நைட்ரிக் அமிலமும் உப்புத் தண்ணீரும் விடுவோம், வெள்ளி இருந்தால் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகப் பூக்கும். இதை வீட்டில் செய்யாதீர்கள், கை வெந்துவிடும்.

1939 போட்ட ரூபாய் கிடைப்பது அபூர்வம், சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். அதனாலேயே 1938-ல் எட்டைச் சுரண்டி ஒன்பது ஆக்கியதும் வரும், லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் பேசுவோம். ராமர் சீதை, அனுமன் போட்ட 1818 கம்பெனிக் காசை மட்டும் தயவுசெய்து கொண்டு வராதீர்கள், கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அது அரிசியை இழுக்கும் சக்தி உள்ள காசு என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை, கதவைச் சாத்திவிடுங்கள்.

முக்கியமாக, புளி, சாம்பல், பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டு வர வேண்டாம். கறுத்த காசு கறுத்தபடியே வரட்டும், தேய்த்த கீறல் விழுந்தால் சேகரிப்பவர் விலை போய்விடும், வெள்ளி விலைதான் மிஞ்சும். தராசும் தம்ளரும் நூலும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். உங்கள் கண் முன்னால் தொங்கவிட்டுப் பார்ப்போம், விற்காவிட்டாலும் பரவாயில்லை, அதற்குக் காசு வாங்குவதில்லை. அந்த அம்மாவும் ஐந்து காசையும் தானே தொங்கவிட்டுப் பார்த்தார். அப்புறம் ஏழு காசையும் சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டு, பேத்தி கல்யாணத்துக்கு ஆகும் என்று போய்விட்டார்.