சபாபதிக்குச் சிரிப்பு வரக் கூடாது

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய பன்னிரண்டு அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். அம்மாவும் படித்தாள். நாவலின் மற்ற விஷயங்களை அவள் தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் உன் நகைச்சுவைப் பாத்திரமான சபாபதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீயும் அவரைப் பற்றித்தானே கேட்டிருந்தாய்.

நான்காம் அத்தியாயத்துச் சபாபதி அபாரம். துக்க வீட்டுக்கு இரவல் குடையோடு வருகிறார். கிளம்பலாம் என்று பார்த்தால் மூலையில் வைத்த குடையைக் காணோம். அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய் குடையைப் பற்றி எப்படிக் கேட்பது? ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறார். கண் மட்டும் நாற்காலிகளுக்கு அடியில் துழாவுகிறது. இறந்தவரின் மனைவிக்கு முன்னால் அவர் குனிய, பாவம், துக்கம் தாங்காமல் குனிகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் அவர் தோளைத் தட்டிக்கொடுக்கிறாள். அங்கே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அடுத்த வரியிலேயே அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிடுகிறது. எனக்கும் தொண்டை அடைத்தது.

இதை எழுதியவள் ஆறாம் அத்தியாயத்திலிருந்து அவரை ஏன் ஜோக் அடிக்கிற ஆளாக்கினாய்? வாயைத் திறந்தால் சிலேடை. நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்கிறார். அவர் தொந்தியைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். போதாததற்கு ஒன்பதாம் அத்தியாயத்தில் திடீரென்று திக்குவாய் வேறு. முதலில் அந்தத் திக்குவாயை எடுத்துவிடு, அதில் பேரமே இல்லை.

குடைக் காட்சியில் சபாபதிக்கு எதுவுமே வேடிக்கையாக இல்லை, கவனித்தாயா? இரவல் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அவருக்கு உயிர் போகிறது. அவருக்கு ஒன்று வேண்டும், அதை வாய்விட்டுக் கேட்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு அங்கிருந்து வருகிறது. பிற்பாடு வருகிற சபாபதிக்குத் தான் வேடிக்கையான ஆள் என்பது தெரிந்துவிட்டது. அதனால் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் நம் முகத்தைப் பார்க்கிறார். பக்கத்திலிருக்கும் பாத்திரங்கள் அவருக்காகச் சிரித்துக் கொடுத்தால் நமக்குச் சிரிக்க மிச்சம் என்ன இருக்கிறது? அந்த "விழுந்து விழுந்து சிரித்தார்கள்" எல்லாவற்றையும் அடித்துவிடு. யாரும் சிரிக்காத அறையில் அவர் இன்னும் நன்றாக எடுபடுவார்.

தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசுகிற மெய்ப்பாட்டியல், நகை, அதாவது சிரிப்பு, பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை நீ முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறாய், ஆளைக் கேலி செய்வது. சீக்கிரம் தீர்ந்துபோகிற சரக்கு அது. மடனைப் பார். யாரோ ஒன்றைச் சொல்லிவிட்டார், அதை அப்படியே பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாமல் நிற்பது. "சொத்து விஷயத்தில் யாரும் கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடு" என்று பெரியவர் சபாபதியிடம் சொல்லிவைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள். மனிதர் அதற்கப்புறம் மணி என்ன என்று கேட்டால்கூடத் தெரியாது என்பார். சிரிப்புக்குச் சிரிப்பும் ஆயிற்று, வீட்டில் ஏதோ மறைக்கிறார்கள் என்று தம்பிக்குச் சந்தேகமும் வந்தாயிற்று.

அப்புறம், அவரை எங்கே நுழைப்பது என்று கேட்டிருந்தாய். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் மேக்பெத் அரசனைக் கொன்ற கையோடு கோட்டைக் கதவு தட்டப்படுகிறது. திறக்க வருகிற காவலாளி ஒரு குடிகாரன். நரகத்தின் வாயில் காப்போன் தான்தான் என்று கற்பனை செய்துகொண்டு, உள்ளே வருகிற பாவிகளை ஒவ்வொருவராக வரவேற்றபடி ஆற அமர வருகிறான். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இதை ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கவே மாட்டார், நடிகர்கள் செருகியிருப்பார்கள் என்று நினைத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேக்பெத்தை நடிப்பவர் கையைக் கழுவி உடை மாற்றி வர அவகாசம் வேண்டும், அது மேடைக் கணக்கு. ஆனால் அந்தக் குடிகாரன் விளையாட்டாக நரகம் என்று சொல்கிற வீடு அந்த ராத்திரி நரகமேதான். அது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். இறுக்கத்தைத் தளர்த்த வந்தவன் இன்னொரு திருகு திருகிவிட்டுப் போகிறான்.

உன் பத்தாம் அத்தியாயத்தில் அண்ணன் தம்பி சண்டை உச்சத்துக்குப் போகும்போது சபாபதி வந்து வழுக்கி விழுகிறார். சண்டை அறுந்துபோகிறது. அந்த இடத்தை எழுத உனக்கே பயமாக இருந்து அவரை அனுப்பினாய் என்றுதான் நினைக்கிறேன். சண்டை முடியட்டும். தம்பி வெளியேறட்டும். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல், குடை கிடைத்துவிட்டது என்று சொல்ல அவர் அப்போது வரட்டும்.

இன்னொன்று செய்து பார். ஏழு, எட்டு, ஒன்பதில் அவர் வருகிற வரிகளை எல்லாம் மறைத்துவிட்டுப் படி. கதையில் ஓர் எறும்புகூட இடம் மாறாது. ஷேக்ஸ்பியரின் லியர் அரசன் நாடகத்தை 1681இல் நேஹம் டேட் என்ற கவிஞர் திருத்தி எழுதியபோது கோமாளியைத் தூக்கியே விட்டார்; 1838இல் நடிகர் மெக்ரெடி திரும்பக் கொண்டுவரும்வரை மேடையில் அவன் இல்லை. ராஜ்யத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிற நீதான் முட்டாள் என்று அரசன் முகத்துக்கு நேரே அவன்போலச் சொல்ல வேறு ஆள் கிடையாது. அந்தப் பேச்சே இல்லாமல் லியரை அத்தனை காலம் நடித்திருக்கிறார்கள். அவனை எடுத்தால் ஓட்டை விழுகிறது. உன் சபாபதியை எடுத்தால் பக்கம்தான் குறைகிறது.

கடைசியில் அவரைக் கொன்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவுக்கு அதில் ஆட்சேபம் இல்லை, நன்றாக அழலாம் என்கிறாள். எனக்குப் பிடிக்கவில்லை. சிரிக்க வைத்தவனைச் சாகடித்துக் கண்ணீர் வாங்குவது ரொம்பச் சுலபம், வாசகர்களும் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். லியரின் கோமாளி மூன்றாம் அங்கத்துக்குப் பிறகு மேடைக்கு வருவதே இல்லை. சாவு இல்லை, விடைபெறுதல் இல்லை. சபாபதியையும் அப்படி நிறுத்திவிட முடியுமா என்று பார். முடியாது என்றால் பாகப்பிரிவினைக் காட்சியில் அவரை உட்காரவை, ஆனால் பேசவிடாதே. பதின்மூன்றாம் அத்தியாயத்தை எழுதியதும் அனுப்பு. அச்சிட்டு அனுப்பினால் நல்லது, போனில் படித்தால் எனக்குக் கண் வலிக்கிறது.

அன்புடன்,
அப்பா