மோரேயில் எங்களைத் தாங்கியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பர்மா எல்லையை ஒட்டிய மணிப்பூர் ஊரான இந்த மோரேயில் எங்கள் வீட்டுக்கு மறுபடி கூரை போட்டாயிற்று. கடையும் திறந்துவிட்டோம். உங்களுக்கெல்லாம் நன்றி சொல்லாமல் வியாபாரத்தைத் தொடங்க அப்பாவுக்கு மனம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல். இனக் கலவரத்தில் எங்களுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

முதலில் நம்பாலோங் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லையின் இரண்டாம் கேட்டைத் தாண்டி, பர்மாவில் உள்ள நம்பாலோங் சந்தையில் கடை வைத்திருப்பவர். எங்களிடம் சீரகமும் கோதுமை மாவும் கடனுக்கு எடுப்பார். விற்ற பிறகு பணம் தருவார். கையெழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது, அப்பாவின் கணக்கு நோட்டு ஒன்றுதான். அது கடையோடு எரிந்துவிட்டது. யாரிடம் போய் எவ்வளவு பாக்கி என்று கேட்பது?

அந்த நேரத்தில் அக்கா, தெரிந்தவர் ஒருவர் கையில் ஒரு கவர் கொடுத்தனுப்பினார். உள்ளே பணம், கூடவே பர்மிய எழுத்தில் ஒரு சீட்டு. எடுத்த சரக்கு ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதியிருந்தார். கடைசியாக எடுத்த சீரக மூட்டைகள் எங்கள் நோட்டிலேயே ஏறியிருக்கவில்லை. அவையும் அதில் இருந்தன. அப்பா படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அதுவரை சென்னைக்கே போய்விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அன்று இரவுதான் கடையை எங்கே போடலாம் என்று அம்மாவிடம் கேட்டார்.

தொகை பெரிதில்லை அக்கா. ஆனால் நீங்கள் திருப்பித் தந்தது எங்கள் ஊரையே.

இந்த ஊர் உண்டானதே இப்படித்தான். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது, 1964இல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. தாத்தாவும் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். அங்கே அகதி முகாம் வாழ்க்கை ஒட்டவில்லை. பிறந்த மண்ணுக்கே போய்விடலாம் என்று இவ்வளவு தூரம் வந்தவர்களை எல்லையில் தடுத்துவிட்டார்கள். நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். கையில் முதல் இல்லை, பர்மிய மொழி மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவர் கடனுக்குத் தந்த சரக்கில்தான் தாத்தா கடை வைத்தார். எல்லை வணிகத்துக்கு அரசு வழி திறந்தது 1995இல். அதற்கு முன் முப்பது வருடம் இந்தச் சந்தையைத் தாங்கியது தலைச்சுமையும் வாய்ச்சொல்லும்தான்.

கலவரத்தின்போது நிவாரண முகாமில் சோறு போட்டவர்களுக்கு, போர்வை தந்தவர்களுக்கு, இம்பால் வரை வண்டி ஓட்டி வந்தவர்களுக்கு, தமிழ்ச் சங்கத்துப் பெரியவர்களுக்கு, சென்னையிலிருந்து பணம் அனுப்பிய பர்மா உறவுகளுக்கு, எந்த இனம் என்று பார்க்காமல் கதவு திறந்த அக்கம்பக்கத்தாருக்கு, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் சொன்னால் சிலருக்குச் சங்கடம், அதனால் சொல்லவில்லை.

ஒன்று முடிவு செய்திருக்கிறேன். பர்மாவிலிருந்து வந்த தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்களிடம் உட்கார்ந்து, யார் யாருக்குக் கடன் கொடுத்தார்கள், எந்தப் பாதையில் சரக்கு வந்தது, அங்காள பரமேஸ்வரி கோயிலுக்கு முதல் செங்கல் எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். பிரதி ஒன்று மோரேயில் இருக்கும், இன்னொன்று வெளியூரில். நம்பாலோங் அக்காவின் சீட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் பழைய கணக்கு நோட்டோ, பர்மாக் காலத்துப் பதிவுச் சீட்டோ தப்பியிருந்தால் அப்பா கடையில் சொல்லுங்கள், நானே வந்து படம் எடுத்துக்கொள்கிறேன்.