டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்படாத ஒரு வரி: மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில் கழிந்தது. இனி மெமோ வராது என்ற துணிச்சலில் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்தால், அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் காரணம், என் கையாலேயே நான் எழுதிக்கொடுத்த ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு. கடும் நோயுள்ள குழந்தையின் வலியையும் அவதியையும் தணித்து, குடும்பத்தையும் தாங்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை வீட்டிலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

வயிற்றில் தொடங்கி எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோயுடன் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எங்கள் வார்டில் இருந்தாள். மருந்துகள் கேட்காத நிலை வந்ததும், அவளை வீட்டுக்கு அனுப்புவதென்று மருத்துவர்கள் எடுத்த முடிவில் எந்தத் தவறும் இல்லை. அவளும் வீட்டுக்குப் போகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நோயின் பெயரையும் எத்தனை சுற்று கீமோ முடிந்தது என்பதையும் எழுதி, பாராசிட்டமால் சிரப் கொடுத்து, ‘தேவைப்பட்டால் மீண்டும் வரவும்’ என்று முடித்தேன். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஊர் அது. பதினோராம் நாள் இரவு அவளுடைய அம்மா வார்டு எண்ணுக்கு அழைத்தார். “சிஸ்டர், பாப்பா இப்பல்லாம் அழறதே இல்ல. அசையாம அமைதியாப் படுத்திருக்கு. நல்லாயிட்டு வருதோ?” என்று கேட்டார்.

கடும் வலி நாள்கணக்கில் நீடித்தால் குழந்தை அழுவதை நிறுத்திவிடும். அசைந்தால் வலிக்கும் என்பதால் அசைவதையும், பேசுவதையும், விளையாட்டுச் சாமானைத் திரும்பிப் பார்ப்பதையும் நிறுத்திவிடும். பார்ப்பவர்கள் ‘சமத்துப் பிள்ளை’ என்பார்கள். பேசத் தெரியாத குழந்தையின் வலியைக்கூட முகச்சுளிப்பு, கால்களின் இறுக்கம், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட முடியும். இதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். என் பணிக்காலத்தின் முதல் பதினைந்து ஆண்டுகளில் யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. செவிலியரான எனக்கே தெரியாதது அந்தத் தாய்க்கு எப்படித் தெரிந்திருக்கும்? இதில் மருத்துவ உலகமே வெகுகாலம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தது. பச்சிளம் குழந்தைகளுக்கு வலி சரியாக உறைக்காது என்று நம்பி, போதிய மயக்கமருந்து இல்லாமலேயே அறுவைச் சிகிச்சை செய்த காலம் உண்டு. இந்திய வம்சாவளி மருத்துவரான கன்வல்ஜீத் ஆனந்தின் ஆய்வுகள் 1987இல் வெளிவந்த பிறகே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

குழந்தைகளின் நீடித்த வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டே படிகள்தான் இருந்தன. லேசான வலிக்குப் பாராசிட்டமாலோ இபுபுரூஃபனோ தரலாம்; அதற்கு அடங்காத வலிக்கு மார்பின் என்ற வலுவான வலி மருந்துதான். மார்பினுக்கு மூலப்பொருளான அபினை அரசு உரிமத்துடன் சட்டப்படி விளைவிக்கும் நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அந்த வயல்கள் இருக்கின்றன. மாத்திரையின் விலையும் மிகக் குறைவுதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் ஏற்பட்ட உரிமச் சிக்கல்களுக்கு அஞ்சி மருத்துவமனைகள் இந்த மருந்தை வாங்குவதையே நிறுத்தியிருந்தன என்பது உண்மை. ஆனால் 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலுக்கு வந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அவற்றை இருப்பு வைத்துக்கொள்ளலாம் என்ற எளிய நடைமுறையும் வந்துவிட்டது. சட்டம் மாறிய பிறகும் நான் பணியாற்றிய இடங்களில் பழைய பயம் மாறவில்லை. “குழந்தைக்கு மார்பினா, பழக்கமாகிவிடாதா?” என்று படித்தவர்களே கேட்டார்கள். எடைக்கேற்ற அளவில், நேரம் தவறாமல், மலமிளக்கியுடன் சேர்த்து, கண்காணிப்போடு கொடுத்தால் அது குழந்தையை அடிமையாக்குவதில்லை, சாவை விரைவுபடுத்துவதுமில்லை. குழந்தை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கும், நானே பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்தது ஒரு தொண்டு அமைப்பின் உதவி கிடைத்த வீட்டில். அந்தத் தாய்க்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒன்றரை மில்லி என்ற கோட்டைச் சிரிஞ்சில் கண்டுபிடிக்க முடியாமல் தவித்தவர், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சிவப்பு நெயில்பாலிஷ் வாங்கி, நர்ஸ் காட்டிய இடத்தில் கோடு போட்டுக்கொண்டார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்த ஒவ்வொரு வேளைக்கும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். ஒரு புள்ளியும் தவறவில்லை. படிக்காதவர்கள் கையில் இந்த மருந்தை எப்படிக் கொடுப்பது என்று கோப்பில் யாராவது குறிப்பெழுதினால், இந்த வீட்டை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

உங்கள் துறையிடம் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவமும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடிப் போகின்றன. என் மாமியாருக்கே அந்தத் தன்னார்வலப் பெண் மாதம் தவறாமல் மாத்திரை கொண்டுவந்து தந்தார், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் அந்தத் திட்டத்தின் வாகனத்தில் வரும் செவிலியரின் பைக்குள் பெரியவர்களுக்கானதுதான் இருக்கிறது. புண்ணுக்குக் கட்டுப் போடவும் சிறுநீர்க் குழாய் மாற்றவும் அவருக்குத் தெரியும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு மூக்குக் குழாய் போடவும் வலிப்பு வந்தால் வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்கவும் தனிப் பயிற்சி வேண்டும். குழந்தைகளில் நோய் ஆதரவுச் சிகிச்சை புற்றுநோய்க்கு மட்டும் உரியதல்ல. தசைச் சிதைவு, முதுகுத்தண்டு நரம்பு நோய், கடுமையான மூளை முடக்குவாதம் என்று ஆண்டுக்கணக்கில் தொடரும் நோய்களே அதிகம். அதனால்தான் இது நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே தொடங்க வேண்டும், நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும், குடும்பத்தையும் தாங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998லேயே வரையறுத்தது. பக்கத்து மாநிலமான கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய ஒரு சிறிய கிளினிக், 2008இல் மாநிலக் கொள்கையாக வளர்ந்து, ஊராட்சிகளின் வழியே வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

குடும்பத்தைத் தாங்குவது என்பது ஆறுதல் சொல்வது மட்டுமல்ல. காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்வரைதான் கைகொடுக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து சளி உறிஞ்சும் கருவிக்கும் அதை இயக்கும் மின்சாரத்துக்கும் பெற்றோர்தான் செலவழிக்க வேண்டும். மத்திய அரசில் பணியாற்றும் பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்புக்கென 730 நாள் விடுப்பு இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கு எத்தனை நாள் விடுப்பு? அந்தக் கூலியில் ஒரு பகுதியையாவது உதவித்தொகையாகத் தர வழியிருக்கிறதா என்று பாருங்கள். கூடப் பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கையின் நோய் தெரிந்ததும் பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒன்பது வயதுப் பையன், தான் அவளைத் தள்ளிவிட்டதால்தான் வயிற்றில் கட்டி வந்தது என்று ஒன்றரை ஆண்டு நம்பிக்கொண்டிருந்ததை அவனே என்னிடம் சொன்னான். யாரும் அவனிடம் பேசவில்லை.

இன்னொன்று, கடைசி நாளைப் பற்றியது. வீட்டிலேயே பிள்ளை இறந்துவிட்டால் கேள்வி வரும், சான்றிதழ் கிடைக்காது என்று அஞ்சி, மூச்சுத் திணறத் தொடங்கியதும் 108ஐ அழைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வண்டியிலேயே உயிர் போகிறது, அம்மாவின் மடியில் அல்லாமல் ஸ்ட்ரெச்சரில். எதிர்பார்க்கப்பட்ட மரணம் இது என்று மருத்துவமனை முன்கூட்டியே தரும் ஒரு கடிதம் இதைத் தடுக்கும்.

நான் கேட்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரிதான். ‘வலி மருந்து இன்ன இடத்தில் கிடைக்கும், இன்ன செவிலியர் இன்ன நாளில் வீட்டுக்கு வருவார், இரவில் அழைக்க எண் இது.’ இந்த வரியை உண்மையாக எழுத வேண்டுமானால் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் அனைத்திலும் குழந்தைகளுக்கான மார்பின் இருப்பில் இருக்க வேண்டும், வட்டாரச் செவிலியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டிருக்க வேண்டும், இரவில் அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்க வேண்டும். என் சீட்டில் அந்த வரி இருந்திருந்தால், அன்று இரவு அந்தத் தாய்க்கு நான் பதில் சொல்லாமல் நின்றிருக்க மாட்டேன்.

பயிற்சி வகுப்புகள் தொடங்குவதாக இருந்தால், வலியை மதிப்பிடுவது எப்படி என்ற அந்த ஒரு மணி நேர வகுப்பை எடுக்க எந்த மாவட்டத்துக்கும் வருகிறேன். பயணப்படி வேண்டாம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் போட்டால் போதும், முட்டி வலி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்