'ஒரு துண்டு' என்றால் எந்தத் துண்டு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் செல்லப்பிராணி கேள்வி பதில் பகுதியில், பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்த சாக்லேட்டை நாய் தின்றுவிட்டது, பயமாக இருக்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதற்கு உங்கள் பதில்காரர் எழுதியது இது: "ஒரு துண்டு சாக்லேட்டால் நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது. இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கிளப்பிவிட்ட பீதி. நம்மூர் தெரு நாய்கள் தின்னாததா?" பக்கத்தில் நாக்கைத் தொங்கவிட்டுச் சிரிக்கிற நாய்ப் படம் வேறு.

நான் குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுகிறவள். காம்பவுண்ட் என்கிற, கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த சாக்லேட் கட்டியை உடைத்து, கொதிநீர் மேல் பாத்திரம் வைத்து உருக்கி, அச்சில் ஊற்றி, ஆறியதும் ஜிகினாத் தாளில் சுற்றுவதுதான் என் பிழைப்பு. அதனால் சாக்லேட்டைத் திட்டி எழுத எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் "ஒரு துண்டு" என்று படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எந்தச் சாக்லேட்டில் ஒரு துண்டு? எத்தனை கிலோ நாய்க்கு? இந்த இரண்டையும் கேட்காமல் பதில் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் உங்கள் பதில்காரருக்கு நிறையவே இருக்கிறது.

தாங்கள் அறியாதது அல்ல. இருந்தாலும் அவருக்காகச் சொல்கிறேன். கோகோவில் தியோபுரோமின் என்று ஒரு பொருள் இருக்கிறது, கூடவே கொஞ்சம் காஃபீனும். நம் உடம்பு தியோபுரோமினைச் சீக்கிரம் உடைத்து வெளியே தள்ளிவிடும். நாயின் உடம்பில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். வெள்ளைச் சாக்லேட்டில் இந்தப் பொருள் இல்லை என்றே சொல்லலாம். மில்க் சாக்லேட் 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம், டார்க்கில் 500 மில்லிகிராம் அல்லது அதற்கும் மேலே. இனிப்பில்லாத கோகோ பவுடர் என்றால் 2,000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். 'காம்பவுண்ட்தானே, அசல் சாக்லேட் இல்லையே' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். காம்பவுண்டில் மாற்றியிருப்பது கொழுப்பை மட்டும்தான். கோகோ பவுடர் அதிலும் இருக்கிறது.

நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் உள்ளே போனால் வாந்தி, பேதி, தாகம், இருப்புக்கொள்ளாமை. 40, 50 என்று ஏறினால் இதயத்தில் கை வைக்கும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு. இப்போது கணக்குப் போடுங்கள். 30 கிலோ லாப்ரடார் மில்க் சாக்லேட்டில் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது, உண்மைதான். உங்கள் பதில்காரர் பார்த்த நாய் அதுவாகத்தான் இருக்கும். 4 கிலோ பொமரேனியன் கோகோ பவுடர் டப்பாவுக்குள் மூக்கை விட்டு மூன்று நான்கு கிராம் நக்கினாலே போதும், ராத்திரி யாரும் தூங்க முடியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு அக்கா வளர்க்கிற ஜிம்மி ஐந்து கிலோகூடத் தேறாது. சீசன் நேரத்தில், எதிரே இருக்கிற ஹோம்ஸ்டேயில் தங்கியிருந்தவர்களின் குழந்தை, வேலிக்கு இந்தப் பக்கம் வாலாட்டி நின்ற அதற்கு டார்க் சாக்லேட் பாரில் பாதியை ஊட்டிவிட்டுப் போயிருக்கிறது. அந்த பார் நான் கடைக்குப் போட்டதாகவே இருக்கலாம், யார் கண்டார்கள். சாயங்காலம் வரை நாய் நன்றாகத்தான் இருந்தது. இந்த விஷயத்தில் ஏமாற்றுவதே அதுதான், கோளாறு தெரிய ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். ராத்திரி சட்டித் தண்ணீரைக் காலி செய்தது, மறுபடி ஊற்றினால் அதையும் காலி செய்தது. கூடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது. படுக்க வைத்தால் எழுந்துகொண்டது. நான் போய் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். துடிப்பை எண்ணவே முடியவில்லை, விரலுக்குக் கீழே ஒரே படபடப்பு. தொடைத் தசை தானாக வெட்டி வெட்டி இழுத்தது.

ஒரு கிளினிக்குக்குப் போன் செய்தோம். எடுத்தவர், "சாக்லேட்தானேம்மா, செரிச்சுடும், காலையில பாருங்க" என்றார். அவரும் உங்கள் இதழைத்தான் படிக்கிறாரோ என்னவோ. அந்த நேரத்தில் டாக்ஸி பிடித்து, மலைப்பாதையில் இறங்கி, சமவெளியில் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தோம். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்திருப்பேன் என்றார் அவர். இதற்கென்று விஷமுறிவு மருந்து கிடையாதாம். மருந்துக் கரித்தூளைக் கரைத்துக் கொடுத்தார், டிரிப்ஸ் ஏற்றினார், இதயத்துக்குத் தனியாக மருந்து. அப்புறம் ஒன்று சொன்னார், அது எனக்குப் புதிது. நாயை அடிக்கடி வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும், பையில் தேங்கினால் அங்கிருந்தே விஷம் திரும்ப ரத்தத்தில் ஏறிவிடும் என்றார். அக்கா டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடியே நாயோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

ஜிம்மி பிழைத்துக்கொண்டது. நாளைக்கே யாராவது 'எங்கள் தெரு ஜிம்மிகூட டார்க் சாக்லேட் தின்றது, இன்னும் ஓடியாடிக்கொண்டுதான் இருக்கிறது' என்று உங்கள் பகுதிக்கு எழுதுவார்கள். நீங்களும் போடுவீர்கள்.

தெரு நாய் தின்னாததா என்று கேட்டாரே. தெரு நாய்க்கு யார் சார் டார்க் சாக்லேட் வாங்கிப் போடுகிறார்கள்? பொறையும் பிஸ்கட்டும்தான் போடுகிறார்கள். மிஞ்சிப்போனால் மிட்டாய்த் தாளை நக்கும். அப்படியே ஒன்று நிறையத் தின்றுவிட்டாலும், அது ராத்திரி எந்தச் சாக்கடை ஓரத்தில் போய் விழுந்தது என்று டார்ச் அடித்துப் பார்த்தவர் யார்? செத்தால் லாரி அடித்தது என்போம். கணக்கில் வராத நாயை வைத்துக் கணக்குச் சொல்வது நல்ல வசதிதான்.

வெளிநாட்டுப் பீதியாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே கோகோ போடுகிறார்கள், அது உள்நாட்டுக் கோகோ என்பதால் தியோபுரோமின் இல்லாமல் காய்க்குமா? உங்கள் அலுவலகம் இருப்பது சென்னையில். 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. ஆட்டோவில் போய்க் கேட்டிருக்கலாம், அதுவும் முடியாவிட்டால் ஒரு போன். குதிரைப் பந்தயத்தில் தடைசெய்த பொருள்களில்கூட இந்தத் தியோபுரோமின் இருக்கிறது. பந்தயக் குதிரைக்குக் காட்டுகிற அக்கறையில் காலே அரைக்கால் பங்கு பொமரேனியனுக்குக் கூடாதா?

இது முதல் தடவையும் அல்ல. முன்பு இதே பகுதியில் பூனைக்குக் காய்ச்சல் என்று கேட்டவருக்கு, பாரசிட்டமாலைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுங்கள் என்று பதில் வந்தது. பூனைக்கு அது எமன். பதறிப்போய் நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, கடைசியில் மரியாதைக்காக எழுதிய வரியை மட்டும் எடுத்து, 'அட்டைப்படம் அருமை' என்று என் பெயரோடு போட்டீர்கள். ஊரில் நாலு பேர் வாழ்த்தினார்கள். நீலகிரி ஹோம்மேட் சாக்லேட் பற்றி நீங்கள் கட்டுரை போட்டபோதும் படத்தில் இருந்தது ஏதோ ஃபேக்டரி மெஷின். எங்கள் யார் அடுப்பங்கரையும் இல்லை. அதைக்கூட விட்டுவிட்டேன், அதனால் யாரும் சாகப்போவதில்லை.

இந்தப் பதிலின் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். "பயமாக இருந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வையுங்கள்." உப்பு அதிகமானால் நாயின் மூளையையே பாதிக்கும். சாக்லேட்டில் தப்பித்த நாய் வைத்தியத்தில் செத்தால், அந்த வாசகிக்கு என்ன பதில் எழுதுவார்?

இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு என்று சுகர்ஃப்ரீ சாக்லேட் வருகிறதே, அதில் சைலிடால் என்ற இனிப்பூட்டியைச் சேர்த்திருந்தால் நாய்க்கு ரத்தத்தில் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும், கல்லீரலும் போகும். உலர்திராட்சை போட்ட சாக்லேட்டில் ஆபத்து இரட்டிப்பு, திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்கிறது. வெள்ளைச் சாக்லேட்டில் தியோபுரோமின் இல்லாவிட்டாலும் அந்தக் கொழுப்பு கணையத்தைக் கெடுக்கும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. நாய்க்கு இனிப்பும் தெரியும், நம் மேல் நம்பிக்கையும் அதிகம். தீபாவளிக்கு லட்டு டப்பாவுக்குப் பதில் சாக்லேட் டப்பா கொடுக்கிற காலம் இது. உங்கள் தீபாவளி மலரில் அந்த விளம்பரம் எத்தனை பக்கம் வரும் என்பது தங்களுக்கே தெரியும். அந்தப் பதிலின் எதிர்ப்பக்கத்தில்கூட ஒரு சாக்லேட் விளம்பரம் இருந்தது. தற்செயலாகத்தான் இருக்கும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம். ராசிபலன் பக்கத்தில் ஒரு ராசிக்குக் கொடுக்கிற இடம் போதும். என்ன சாக்லேட், எத்தனை கிராம், நாயின் எடை, தின்ற நேரம், இந்த நான்கையும் சொல்லி உடனே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், வாந்தி எடுக்க நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள், மேலுறையைக் கையோடு எடுத்துப் போங்கள் என்று போட்டால் சரி. சந்தா விவரத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் வேண்டாம், அந்தப் பதில் வந்த அதே பக்கத்தில் வர வேண்டும். அந்தப் பகுதியை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. அவருக்குச் சன்மானம் கொடுக்க முடியாது என்றால் சொல்லுங்கள், சாக்லேட்டாக நான் அனுப்பி வைக்கிறேன். அவர் வீட்டில் நாய் இருந்தால் அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்ளட்டும்.

மற்றபடி இந்த வார அட்டைப்படமும் அருமை. இதை வெட்டமாட்டீர்கள் என்று தெரியும்.

இப்படிக்கு,
பல வருடச் சந்தாதாரர்,
குன்னூர்