அடைக்கலம் குடுத்த ஊரப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகப்போர்னாலே ஹிட்லர், டாங்கின்னுதான் கட்டுரை வருது. பிரான்ஸ்ல லெ ஷாம்போன்னு ஒரு மலை கிராமம் சார், நாஜிங்ககிட்டேர்ந்து தப்பிச்சு வந்த யூதர்கள, அதுல நெறய பேரு சின்னப் பசங்க, பண்ணை வீடுகள்ல ஒளிச்சு வெச்சு, போலி அடையாள அட்டை, ரேஷன் கார்டெல்லாம் ரெடி பண்ணி, ஸ்கூலுக்கும் அனுப்பிருக்காங்க, போலீஸ் வருதுன்னா காட்டுக்குள்ள அனுப்பிடுவாங்க. அந்த ஊர்ல பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், அவங்க முன்னோருங்களும் மதத்துக்காக அடிபட்டவங்கதான்.

மாணவர் விடுதி நடத்துன டேனியல் த்ரோக்மேவ 1943ல பசங்களோட சேத்துப் பிடிச்சிட்டுப் போனாங்க, 1944ல நாஜிங்களோட மைதானெக் வதை முகாம்லயே அவரு உயிர் போயிடுச்சு. அந்த ஊர் பாதிரியார் ஆந்த்ரே த்ரோக்மே பேராவது கொஞ்சம் பேருக்குத் தெரியும், கதவத் தெறந்துவிட்ட விவசாயிங்கள யாருக்குத் தெரியும்? 1990ல இஸ்ரேலோட யாத் வாஷெம் (நாஜிங்க கொன்ன யூதர்களுக்கான நினைவு அமைப்பு) ஊருக்கே மொத்தமா மரியாதை செஞ்சுது. ஞாயிறு இதழ்ல ஒரு முழுப்பக்கம் போடுங்க சார், பசங்க படிக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்