கார்ப்பரல் நிராலா என்ன செய்தார் என்பதையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீரதீர விருதுச் செய்திகளை நம் தமிழ் நாளிதழ்கள் போடும் விதம் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. உங்கள் நாளிதழ் மேல் மட்டும் இல்லை, எல்லோர் மேலும்தான். குறையோடு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன்.

ஒரு கல்யாணப் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். மணப்பெண் நடந்து வருகிறார். இரண்டு பக்கமும் மண்டியிட்ட இளைஞர்கள் உள்ளங்கைகளைத் தரையில் விரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கைகளின் மேல் பாதம் வைத்து அவர் வருகிறார். சென்ற வாரம் என் மாப்பிள்ளை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டார். 'எல்லையில் இறந்த அண்ணனுக்குப் பதிலாக ராணுவமே வந்து நடத்திய கல்யாணம்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். "அந்த அண்ணன் பேர் என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டேன். பாவம், அவருக்குத் தெரியவில்லை. "வந்ததை அனுப்பினேன் மாமா" என்றார்.

பெயர் ஜோதி பிரகாஷ் நிராலா. பீகாரில் ரோத்தாஸ் மாவட்டம், பத்லாடீஹ் கிராமம். இந்திய விமானப்படையில் கார்ப்பரல். படத்தில் இருப்பவர்களும் ராணுவத்தினர் இல்லை, விமானப்படையின் சிறப்புப் படையான கருட் கமாண்டோக்கள். கல்யாணம் நடந்தது 2019 ஜூனில். அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 2017 நவம்பர் 18-ஆம் தேதி, காஷ்மீரில் நிராலா உயிரிழந்தார். பெற்றோருக்கு ஒரே மகன். மனைவி, சின்னப் பெண் குழந்தை, கல்யாணம் ஆகாத தங்கைகள் என்று எல்லாப் பொறுப்பும் அவர் தலையில் இருந்தது. கருட் வீரர்கள் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு 5 லட்சம் ரூபாய் வரை சேர்த்துக் கொடுத்தார்கள் என்று அப்போது செய்தி வந்தது.

நானும் விமானப்படைக்காரன்தான். பெல்காமில் அடிப்படைப் பயிற்சி, தாம்பரத்தில் தொழில் பயிற்சி, அப்புறம் 20 வருடம் என்ஜின் ஃபிட்டர். கையில் எப்போதும் விமான எரிபொருள் வாடை. சார்ஜென்ட்டாக வெளியே வந்தேன். எங்கள் காலத்தில் கருட் என்ற படையே கிடையாது. ராத்திரி கார்டு டூட்டி வந்தால் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் ஹேங்கரைச் சுற்றி வருவேன். நான் சுட்டதெல்லாம் வருடாந்திரப் பயிற்சியில் அட்டைப் பலகையை மட்டும்தான். விமானத் தளங்களுக்கே ஆபத்து வரலாம் என்ற நிலை வந்த பிறகு, 2004-இல்தான் கருட் படையைத் தொடங்கினார்கள். முழுப் பயிற்சி 72 வாரம். எடுத்தவர்களில் எத்தனையோ பேர் பாதியிலேயே கழன்றுவிடுவார்கள்.

2016 ஜனவரி 2-ஆம் தேதி பதான்கோட் தளத்துக்குள் தீவிரவாதிகள் புகுந்தபோது அவர்களை எதிர்கொண்டு உயிரிழந்த குர்சேவக் சிங் கருட் வீரர். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சண்டை அனுபவம் வேண்டும் என்று, கருட் வீரர்களைக் காஷ்மீரில் ராணுவத்தின் தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் பட்டாலியன்களோடு சேர்த்து அனுப்பினார்கள். 2017 அக்டோபர் 11-ஆம் தேதி பந்திபோரா மாவட்டம் ஹாஜினில் நடந்த மோதலில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் சார்ஜென்ட் மிலிந்த் கிஷோர் கைர்னார், இன்னொருவர் கார்ப்பரல் நீலேஷ் குமார் நயன். சார்ஜென்ட் என்பது என் ரேங்க். அன்றைக்குச் செய்தித்தாளில் அந்த ரேங்கைப் பார்த்ததும் வேறு பக்கம் புரட்ட முடியவில்லை.

அதே ஹாஜின் பகுதிதான், ஒரு மாதமும் சில நாட்களும் கழித்து, நிராலாவின் குழு போன இடமும். கூட இருந்தவர்கள் விழுந்த மண்ணுக்கே மறுபடி போவது எப்படிப்பட்ட காரியம் என்று என்னைப் போன்ற ஃபிட்டர் சொல்லக்கூடாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன். விருதோடு வெளியிட்ட குறிப்பில் இருப்பது இது.

சந்தர்கீர் என்ற கிராமத்தில் ஒரு வீட்டில் தீவிரவாதிகள் இருப்பதாகத் துப்பு வருகிறது. கருட் குழுவும் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸும் போகின்றன. கருட் குழு சத்தம் காட்டாமல் அந்த வீட்டை நெருங்கி, மிகக் குறைந்த தூரத்தில் ஆம்புஷ் போட்டு, அதாவது பதுங்கி, காத்திருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் தப்பிக்க இருந்த வழிக்குப் பக்கத்தில் நிராலா தன் இடத்தை வைத்துக்கொள்கிறார். வெளியே வருகிறவன் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். திடீரென்று ஆறு பேர் சுட்டுக்கொண்டும் கையெறி குண்டு வீசிக்கொண்டும் வெளியே பாய்கிறார்கள். நிராலா இரண்டு பேரைச் சுட்டு வீழ்த்துகிறார். இன்னும் இரண்டு பேருக்குக் காயம் ஏற்படுத்துகிறார். அதற்குள் அவர் மேல் சரமாரியாகக் குண்டு பாய்கிறது. பாய்ந்த பிறகும் சுடுவதை நிறுத்தவில்லை. அந்தக் காயங்களில்தான் இறந்தார். அந்த ஆறு பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. மும்பைத் தாக்குதலுக்குத் திட்டம் போட்ட லக்வியின் உறவுக்காரரும் அதில் ஒருவர் என்று அப்போது காவல்துறை சொன்னது. நிராலாவுக்கு 31 வயது.

ஐயா, இதை எத்தனை பேர் தமிழில் படித்திருப்பார்கள்?

2018 குடியரசு தினத்தன்று அவருக்கு அசோக சக்ரா கொடுத்தார்கள். போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு நாட்டில் அதற்கு மேல் விருது இல்லை. தரையில் நின்று சண்டை போட்டதற்காக அதைப் பெற்ற முதல் விமானப்படை வீரர் அவர்தான். நிராலாவின் மனைவியும் தாயும் வந்து வாங்கிக்கொண்டார்கள். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் கொடுத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பியதும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. மறுநாள் அந்தக் கைக்குட்டைதான் செய்தி. அடுத்த வருடம் உள்ளங்கைகள் செய்தி. இரண்டுமே என்னையும் உலுக்கிய காட்சிகள்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதன் செய்த வேலை இந்த இரண்டு படங்களிலும் இல்லையே. கண்ணீரைப் படம் எடுக்க ஆள் இருந்தார்கள். சந்தர்கீரில் யாரும் கேமரா வைத்திருக்கவில்லை. அங்கே நடந்ததைப் பற்றி நமக்கெல்லாம் கிடைத்திருப்பது அந்த ஒரு பத்தி ஆங்கிலக் குறிப்புதான். நாங்கள் சைட்டேஷன் என்போம்.

சிறப்புப் படைக்காரர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம் என்று சொல்வேன். மற்ற வீரன் லீவில் வந்தால் எங்கே இருந்தேன், என்ன பார்த்தேன் என்று கொஞ்சமாவது சொல்வான். இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது. பணியில் இருக்கும்வரை படத்தில்கூட முகத்தை மூடித்தான் காட்டுவார்கள். இறந்த அன்றுதான் முகமும் பெயரும் வெளியே வருகின்றன. அப்போதும் நாம் 'கமாண்டோ வீரமரணம்' என்று இரண்டு வார்த்தையில் முடித்தால், அவர் 72 வாரம் எதற்காகப் பழகினார் என்பது அவரோடு போய்விடுகிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் முன்னாள் படைவீரர்களுக்கான கேன்டீன் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் மெட்ராஸ் ரெஜிமென்ட் சுபேதார் ஒருவர் நின்றார். எழுபது வயதுக்கு மேல். ஏர்ஃபோர்ஸ் என்றாலே அவருக்குக் கிண்டல். "உங்களுக்கென்னப்பா, பிரெட் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்" என்றார். "சாப், ஒரு கார்ப்பரல் கதை சொல்கிறேன், கேளுங்கள்" என்று நிராலாவைப் பற்றிச் சொன்னேன். கல்யாணத்தைச் சொல்லவில்லை, சண்டையை மட்டும். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "வீட்டிலிருந்து எத்தனை அடியில் படுத்திருந்தான்?" குறிப்பில் அடிக்கணக்கு இல்லை, மிக அருகில் என்றுதான் இருக்கிறது என்றேன். "அருகில் என்றால் திரும்பி வருகிற யோசனையே இல்லாமல் போயிருக்கிறான்" என்றார். பிறகு பில் போடும் இடத்தில் நின்ற பையனையும் கூப்பிட்டு, என்னை மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தார். பின்னால் நின்றவர்கள் வரிசை நகரவில்லை என்று சத்தம் போட்டார்கள். அது வேறு கதை.

அந்தப் பையன் காலேஜ் இரண்டாம் வருடம். கல்யாணப் படத்தை அவனும் பார்த்திருக்கிறான். இது அதே ஆள்தான் என்றதும் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர் விஷயத்துக்கே வருவோம். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூர் ஹவில்தார் பழனி, 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்தார். அந்த வாரம் எல்லாத் தெருவிலும் ஃப்ளெக்ஸ் இருந்தது. மறு வருடம் அவருக்கு வீர் சக்ரா அறிவித்தார்கள். எதற்காகக் கொடுத்தார்கள் என்று உங்கள் வாசகர்களில் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். இறந்ததற்காக என்றுதான் சொல்வார்கள். இறந்ததற்காக யாருக்கும் வீர் சக்ரா கொடுப்பதில்லை.

எங்கள் வேலூர் லாங் பஜாரில் மணிக்கூண்டு இருக்கிறது. பூக்காரர்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே நின்றால் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு தெரியும். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருக்கும். அவ்வளவுதான். அந்த 14 பேர் யார், எந்தப் பட்டாளம், எந்த ஊர் மண்ணில் விழுந்தார்கள், ஒன்றும் அதில் இல்லை. வெள்ளைக்காரன் கணக்கு எழுதிவிட்டுப் போனான், சரி. நூறு வருடம் கழித்து நாமும் 'இந்த ஆண்டு இத்தனை பேருக்கு விருது' என்று எண்ணிக்கை போட்டு நிறுத்துவது என்ன நியாயம்? டெல்லி தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 2019-இல் திறந்தபோதே 25,942 பெயர்களைக் கல்லில் பொறித்திருந்தார்கள். ஆளுக்கொரு கல், பெயரோடு ரேங்கும் படைப்பிரிவும். டெல்லிக்குப் போக முடியாதவனுக்கு நாளிதழ்தானே அந்தக் கல்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை, குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும், வீரதீர விருதுகளை அறிவிக்கிறார்கள். உயர்ந்த விருதுகளுக்கான குறிப்புகளையும் அரசு வெளியிடுகிறது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு பத்திதான். அசோக சக்ரா, அதற்கு அடுத்த கீர்த்தி சக்ரா வாங்குகிறவர்களுடைய குறிப்பையாவது முழுசாகத் தமிழில் போடுங்கள். உயிரோடு இருக்கிறவர், இறந்தவர் என்று பார்க்க வேண்டாம். தமிழரா, பீகாரியா என்றும் பார்க்க வேண்டாம். அடைமொழி எதுவும் சேர்க்காதீர்கள். 'சிங்கம் போல் பாய்ந்தார்' எல்லாம் வேண்டவே வேண்டாம். குறிப்பில் என்ன இருக்கிறதோ அது போதும். யார், எங்கே, எந்த நேரத்தில், எதன் பின்னால் படுத்திருந்தார், என்ன செய்தார்.

பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில் சண்டைக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்கள் ஒரு குறிப்பைப் படித்துப் பார்க்கட்டும். ஸ்டோர் லெட்ஜர் மாதிரி வறட்டு நடை. சினிமாச் சண்டையில் இருக்கும் ஜோர் ஒரு வரியில்கூட இருக்காது. படித்து முடித்ததும் யாருக்கும் விசில் அடிக்கத் தோன்றாது.

நவம்பர் 18 வந்தால் அந்தக் கல்யாணப் படம் மறுபடியும் சுற்ற ஆரம்பிக்கும். அந்த நாளில் நீங்களும் அதைப் போட நினைத்தால் தாராளமாகப் போடுங்கள். பக்கத்தில் நிராலாவின் குறிப்பையும் போடுங்கள், இடம் இல்லையென்றால் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம். படத்தின் கீழே 'ராணுவம்' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள், சுபேதார் சாப் அதைக் காட்டி என்னை விட மாட்டார்.

மொழிபெயர்க்கும்போது ரேங்க், யூனிட், ஆயுதப் பெயர்களில் உங்கள் உதவி ஆசிரியர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கலாம். தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் பேத்தியைப் பள்ளியில் விடும் டூட்டி இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சார்ஜென்ட், இந்திய விமானப்படை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.