தாளில் ஏறாத சம்பளம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என எங்கள் கரையோர ஊர்களில் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு அரிது. சபுராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், என்றாலே கைநிறையச் சம்பாதிப்பவர் என்று ஊர் எண்ணுகிறது. ஆனால், மனைவி மக்களை அங்கே அழைத்துக்கொள்ள அவர் விண்ணப்பிக்கும் நாளில், கையில் வாங்குவது எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை, தாளில் எழுதியிருப்பது எவ்வளவு என்றே பார்க்கிறார்கள்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல், வேலை எதுவாயினும், மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் உள்ளவர் குடும்பத்தை அழைக்கலாம். விசாவில் எழுதிய வேலையின் பெயரைப் பார்த்து ஆளைத் தரம் பிரித்த பழைய வழக்கத்தைவிட இது நியாயமானதுதான். துபாயில் ஒரு கடையில் பணிபுரியும் என் மகன் மாதம் 4,500 திர்ஹம் வாங்குகிறான். ஆனால் பணி ஒப்பந்தத்தில் இருப்பது 2,500, மீதி ரொக்கம். 2009-இல் தொடங்கிய ஊதியப் பாதுகாப்பு முறையின்படி வங்கி வழியாக வரும் தொகையே கணக்கில் ஏறும் என்பதால், அந்த 2,000 திர்ஹத்துக்கு அவனிடம் ஒரு சான்றும் இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று தரப்படும் பணிக்கொடையும் தாளில் உள்ள தொகையை வைத்தே கணக்கிடப்படும். "மீதியை ரொக்கமாகத் தருகிறோம்" என்று கடை நிர்வாகத்தினர் சொன்னபோது, துபாயில் பல்லாண்டுகள் கணக்கெழுதிய நானே தலையாட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விண்ணப்பத்துடன் தர வேண்டிய வாடகை ஒப்பந்தமும் அப்படியே. பெட் ஸ்பேஸில், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்து, படுத்துறங்குபவரிடம் தம் பெயரில் பதிவான ஈஜாரி (துபாயில் அரசிடம் பதியப்படும் வாடகை ஒப்பந்தம்) இருக்காது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நம் ஊரிலேயே சிக்கிக்கொள்ளும் தாள் ஒன்று உண்டு: திருமணச் சான்றிதழ். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டின் நகலே போதுமென்று பலர் இருந்துவிடுகிறார்கள். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அரசிடம் பதிந்து, அந்தச் சான்றிதழில் மாநில அரசு, நடுவண் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், இறுதியாக அமீரக வெளியுறவு அமைச்சகம் என வரிசையாகச் சான்றொப்பம் பெற வேண்டியிருக்கிறது என்பது விடுப்பு முடியும் வாரத்தில்தான் தெரியவருகிறது.

ஆகவே, நிக்காஹ் முடிந்த கையோடு மணமக்களைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை ஜமாஅத்துகள் ஏற்க வேண்டும். பயணம் புறப்படுவோரின் பணி ஒப்பந்தத்தை வாசித்து விளக்க, கடற்கரை ஊர்களில் மாதம் ஒரு நாளாவது முகாம் நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
கீழக்கரை.